மாடி ஊடு ஏன் காலியா இருக்குது

உக்காரு கண்ணு. அந்தச் சேரு வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காரு. சாவி என்ற மடியிலதான் இருக்குது, மாடியத் தொறந்து காட்டுறேன். அதுக்கு முன்னால ரெண்டு விசயம் கேட்டுக்கறேன், தப்பா நெனச்சுக்காத. ஊடு காலியா இருக்குதுன்னு உனக்கு யாரு சொன்னது? நான் போர்டு கீர்டு ஒண்ணும் மாட்டல. ஆசுபத்திரியில சொன்னாங்களா? ஆசுபத்திரியில யாரு? சரி, பேரு தெரியலைன்னா போச்சாது. லேப்புல புதுசாச் சேந்திருக்கேங்கற. சொந்த ஊரு தர்மபுரிப் பக்கம். அப்பா என்ன பண்றாரு? ஆதார் கார்டு கொண்டாந்திருக்கியா? காட்டு. ம். போட்டோவுல இருக்கறதும் நீயும் ஒரே ஆளாட்டத்தான் இருக்குது.

நான் யாரையும் நம்பறதில்ல கண்ணு. பொறந்ததுலருந்து அப்படியில்ல, ஆக்கிப் போட்டாங்க. என்ற ஊட்டுக்காரரோட பங்காளி ஒருத்தரு, சர்வேயர் வந்த அன்னைக்கு, "தம்பி, கெணறு பொதுவுன்னு மட்டும் ஒரு வார்த்த சொல்லிப்போடு, மிச்சத்த நாம அப்பறம் பேசிக்கலாம்"னாரு. இவரும் வெள்ளந்தியாச் சொன்னாரு. அத்தோட கெணறு போச்சு. அந்த வேதனையிலயே அவரும் போயிச் சேந்துட்டாரு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன். "இப்படிச் சொல்லு"ன்னு எவன் வந்து நின்னாலும், அவன் மனசுல ஏதோ இருக்குதுன்னு.

முன்னால இருந்த நர்சம்மா ஏன் காலி பண்ணுச்சுன்னுதான கேட்ட? எல்லாரும் அதைத்தான் கேக்கறாங்க. எனக்கும் அதுதான் ஆறல. கோர்ட்டு வரைக்கும் போயி அவளக் கொண்டாந்தவ நான். கொண்டாந்தவ ஊட்டையே காலி பண்ணிட்டுப் போயிட்டா.

ஜெனிட்டான்னு பேரு. நாகர்கோவில் பக்கம். உங்க ஆசுபத்திரியிலதான் ஸ்டாஃப் நர்சு. வந்த புதுசுல எனக்கு அவ மேல அவ்வளவா நம்பிக்கையில்ல. போன்ல அவங்கம்மாகிட்டப் பேசுனா ஒரு வார்த்த வெளங்காது, அத்தன வேகம். ஞாயித்துக்கெழமையானா மீன் வாசம். மாடிக்கு இன்னொரு சாவி என்கிட்ட இருக்குது, அவ டூட்டிக்குப் போனதும் சும்மா ஃபேனு கீனு ஓடுதான்னு பாத்துட்டு வருவேன். ஊட்டுக்காரின்னா பாக்கத்தான வேணும். தப்பா ஒண்ணும் இருக்காது. ஒரு பைபிள், மடிச்சு வெச்ச துணி, கால்வலித் தைலம். அப்பறம்தான் கொஞ்சம் கொஞ்சமா மனசு வந்துச்சு. எனக்குச் சக்கர ஏறுனப்ப ராத்திரி டூட்டி முடிச்சு வந்த கையோட, உக்காராமக்கூட ஊசி போட்டு விட்டா.

சாயப்பட்டறைக் கலவரம் பத்திக் கேள்விப்பட்டிருப்ப. தெரியாதா? அதோ அந்த ஓடைக்கு அக்கட்டால இருக்குது பாரு, அந்தப் பட்டறைதான். கட்சியில பெரிய ஆளோட மச்சினன் நடத்தறது. அதோட கழிவுத் தண்ணி எறங்கி சுத்துவட்டாரக் கெணறு முச்சூடும் செவசெவன்னு ஆகிப்போச்சு. மாடு குடிக்காது அந்தத் தண்ணிய. சனங்க ரோட்டுல உக்காந்தாங்க. பொம்பளைங்க கொடத்தோட உக்காந்தாங்க. பட்டப்பகல்ல போலீசு சுட்டுப் போட்டாங்க. செத்தவங்களும் உண்டு. அடிபட்டவங்களத் தூக்கிட்டு ஆசுபத்திரிக்கு ஓடுனாங்க.

ஜெனிட்டாதான் அன்னைக்கு அவசரப் பிரிவுல. குண்டு பட்ட காயத்தையெல்லாம் கல்லடின்னு எழுதச் சொல்லி மேலருந்து வாய்வார்த்தையா வந்துச்சாம். பெரிய டாக்டரு முடியாதுன்னுட்டாரு. அந்த வாரமே அவரத் தூக்கி எங்கியோ மலைக்கு அடிச்சாங்க. இவளக் கூப்பிட்டுக் கேட்டப்ப, "முதுகுல பட்டிருக்கு சார், நான் பாத்ததத்தான் எழுத முடியும்"னாளாம். அதோட நின்னாலும் பரவால்ல. வார்டுக்குள்ளயே போலீசு வந்து, பாட்டில் ஏறிக்கிட்டிருக்கற ஆளுகளைக் கட்டில்ல இருந்து எழுப்பிக் கூட்டிட்டுப் போக ஆரம்பிச்சாங்க. இவ கதவுக்கு முன்னால போய் நின்னிருக்கா. "பேஷண்ட்ட இப்ப எழுப்ப முடியாது"ன்னு. மத்த நர்சுங்களும் வந்து பக்கத்துல நின்னிருக்காங்க. அன்னைக்கு மட்டும் அவனுக திரும்பிப் போயிட்டானுக.

அதுக்கப்பறம் அடிபட்டவன் எவனும் ஆசுபத்திரிக்கு வரப் பயந்தான். ஒரு நா மத்தியானம், நான் சமையக்கட்டுல இருக்கறேன், பின்பக்கத்துச் செவுத்தத் தாண்டி ஒருத்தன் வந்தான். தறிக்காரன் மாதிரி இருந்தான். தோளுல காயம், சீழ் புடிச்சு நாறுது. ஜெனிட்டா அவனத் தொவைக்கற கல்லு மேல உக்கார வெச்சுக் கழுவி, கட்டுப் போட்டா. துணி பத்தலைன்னு போட்டிருந்த பச்சைத் துப்பட்டாவையே கிழிச்சா. "யாரு அம்மிணி அது?"ன்னு ஜன்னல்லருந்து கேட்டேன். "தெரியாதும்மா. பேரு கேக்கல, காயத்தத்தான் பாத்தேன். கொஞ்சம் வெந்நி தாறீங்களா?"ன்னா. வெந்நி வெச்சுக் குடுத்தது நான்தான். என்ன பண்றது, கண்ணு முன்னால ஒருத்தன் பல்லக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். அந்த வெந்நி விசயத்த மட்டும் நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல. மோகன் தம்பிகிட்டக்கூட.

மோகன் தம்பின்னா, அது நம்ம பையன். கலவரத்துக்கு அடுத்த வாரம் இந்தப் பக்கம் எடம் பாக்க வந்தவன், குடிக்கத் தண்ணி கேட்டான். செவுத்துல என்ற ஊட்டுக்காரரு போட்டோவப் பாத்துட்டு, "ஏனுங்கத்தை, நீங்க இன்ன கூட்டம்தானே?"ன்னான். எங்க வம்சத்துக் கூட்டத்தோட பேரைச் சொல்றான், எங்க குலதெய்வம் கோயிலு எங்க இருக்குதுன்னு சொல்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. மொகத்துலயே நம்ம ஆளுன்னு எழுதி ஒட்டியிருந்துச்சு. அப்பறம் அடிக்கடி வருவான். காப்பி குடிப்பான். பேசிக்கிட்டிருப்போம். இந்தக் காலத்துல பெரியவங்க பேச்ச யாரு கண்ணு காது குடுத்துக் கேக்கறாங்க? என்ற மவன் கோயமுத்தூர்லருந்து போன்ல "ம், ம்"முங்கறான், அந்தப் பக்கம் டிவி ஓடுது. மோகன் அப்படியில்ல. வந்ததும் போனை எடுத்து டேபிள் மேல என்ற முன்னால வெச்சுருவான். போற வரைக்கும் அதைத் தொடவே மாட்டான். அப்படியொரு மரியாத. "மாடியில தனியா ஒரு பொண்ணு இருக்குதே, பத்தரமா அத்தை?"ன்னு கேப்பான். எத்தன மணிக்கு வர்றா, எத்தன மணிக்குப் போறா, யாரு வந்து போறாங்க. என்ற மேல இருக்கற அக்கறையில கேக்கறது. நானும் இருக்கறதச் சொல்லுவேன். தெரிஞ்சவங்ககிட்டச் சொல்லாம வேற யாருகிட்டச் சொல்றது?

அந்தக் காலையில ஜெனிட்டா நைட் டூட்டி முடிச்சு வந்தா. தலைக்குக் குளிச்சுட்டு, துண்டக்கூடச் சுத்தல, வாசல்ல நின்னு தலைய உதறிக்கிட்டிருக்கா. நான் நெலக்கடல காயப் போட்டுக்கிட்டிருக்கேன். ஒரு வெள்ளக் கார் வந்து நின்னுச்சு. முன்னால நம்பர் இல்ல. எறங்குனவங்க எல்லாம் ஆம்பளைங்க, பேண்ட் சட்ட. ஒரு பொம்பளப் போலீசு இல்ல. "ஒரு விசாரணை, பத்து நிமிசம், வாங்க"ன்னாங்க. "எதுக்கு சார், எந்த ஸ்டேஷன்? நான் துணி மாத்திட்டு வாறேன், வீட்டுக்கு ஒரு போன் பண்ணிக்கிடறேன்"னா. ஒருத்தன் அவ கையிலிருந்த போனை வாங்கிட்டான். இன்னொருத்தன் முழங்கையப் புடிச்சான். அவ என்னத் திரும்பிப் பாத்தா. "அம்மா, அமுதவல்லி சிஸ்டர்ட்ட சொல்லுங்க"ன்னா. அவ்வளவுதான். கார் போயிருச்சு. வாசல்ல அவ செருப்பு கெடக்குது.

அமுதவல்லி ஆசுபத்திரியில தலைமை நர்சு. ஓடிப்போய்ச் சொன்னேன். அவங்க எல்லாரும் ஸ்டேஷனுக்குப் போனாங்க. அங்க, "அப்படி யாரையும் நாங்க கூட்டிட்டு வரல"ன்னுட்டாங்க. பக்கத்து ஸ்டேஷன், அதுக்குப் பக்கத்து ஸ்டேஷன், எங்கயும் அதே பேச்சு. நாகர்கோவில்லருந்து அவங்கப்பா வந்தாரு. இதே நடையில உக்காந்து தலையக் குனிஞ்சபடி இருந்தாரு. சோறு போட்டா, "புள்ள சாப்பிட்டிருக்குமா"ன்னு கேட்டாரு.

நர்சுங்க கறுப்புத் துணியக் குத்திக்கிட்டு வேல பாத்தாங்க. வேலைய நிறுத்தல, நோயாளிங்க என்ன பண்ணுவாங்கன்னுட்டு. டூட்டி முடிஞ்சதும் ஊட்டுக்குப் போகாம ஆசுபத்திரி கேட்டு முன்னால உக்காந்தாங்க. காயத்துக்கு மருந்து போட்டது குத்தமான்னு ஒரே கேள்வி. எனக்கென்னமோ அந்தக் கூட்டத்துலயே ஒருத்திதான் காட்டிக் குடுத்திருப்பாளோன்னு சந்தேகம். அமுதவல்லி மேலயே சந்தேகம் இருந்துச்சு, அவளுக்கு எப்படி அத்தன சீக்கிரத்துல வக்கீல் கெடைச்சாங்கன்னு. அந்த வக்கீலம்மா பேரு சபீனா. சின்ன வயசு. மெட்ராஸ் ஹைகோர்ட்டுல ஆட்கொணர்வு மனுன்னு ஒண்ணு போட்டாங்க. அப்படின்னா, ஆளக் கொண்டாந்து கண்ணு முன்னால நிறுத்துன்னு கேக்கறதாம்.

மனுப் போட்ட சேதி தெரிஞ்சதும் இன்ஸ்பெக்டரு ஊட்டுக்கு வந்தாரு. நல்ல மரியாதையாத்தான் பேசுனாரு. செருப்ப வெளிய கழட்டிப்போட்டு வந்து உக்காந்தாரு. "அம்மா, அந்தப் பொண்ணு பையத் தூக்கிக்கிட்டு ஆட்டோவுல ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுப் போச்சு. அப்படித்தானே? யாரு கேட்டாலும் அப்படிச் சொல்லுங்க. உங்களுக்கு ஒரு தொந்தரவும் வராது. வயசான காலத்துல கோர்ட்டு, கேசுன்னு எதுக்கு அலையணும்?"

"சரிங்க"ன்னேன். காப்பி போட்டுக் குடுத்தேன். அவரும் குடிச்சாரு.

அவரு போனதும் எனக்கு உள்ளுக்குள்ள அரிச்சுது. இப்படிச் சொல்லுங்கறான். எதுக்குச் சொல்லுங்கறான்? யோசிச்சுப் பாரு. அவ ஊருக்குப் போகலைன்னு அவங்கப்பனே இங்க உக்காந்திருக்காரு. நான் ஆட்டோவுல ஏறுனதப் பாத்தேன்னு சொல்லி, நாளைக்கு அவ எங்கியாவது கெணத்துல கெடந்தான்னா, கடைசியாப் பாத்தது யாரு? நான். அவ பொட்டி எங்க இருக்குது? என்ற மாடியில. அவ கழட்டி வெச்ச சங்கிலி? அதுவும் மாடியில. நகைக்கு ஆசப்பட்டு ஊட்டுக்காரியே கதைய முடிச்சுட்டான்னு எழுத எத்தன நேரமாகும்? சாவி வேற ரெண்டு இருக்குது. நான் என்ன, என்ற ஊட்டுக்காரரு மாதிரி வெள்ளந்தியா? மறுநா காலையில போயி வக்கீலம்மாகிட்ட, "நான் வர்றேன், பாத்ததச் சொல்றேன்"னேன். அமுதவல்லி என்ற கையப் புடிச்சு அழுதா. "உங்களுக்குப் பெரிய மனசும்மா"ன்னா. நான் ஒண்ணும் சொல்லிக்கல.

எல்லாரும் ரயில்ல மெட்ராசுக்குப் போனோம். என்ற சாப்பாடு, என்ற தண்ணி, எல்லாம் நான் எடுத்துட்டுப் போயிட்டேன். அவங்க குடுத்த இட்லியத் தொடல. யாரு என்னத்தக் கலந்திருப்பாங்கன்னு எப்படித் தெரியும். நர்சுங்க ரெண்டு பேரு எனக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் உக்காந்து வந்தாங்க. பாதுகாப்புக்குன்னாங்க. எனக்கு, நான் எறங்கி ஓடிருவேன்னு காவலோன்னு பட்டுச்சு.

கோர்ட்டுல ரெண்டு ஜட்ஜு. அதுல ஒருத்தரு பொம்பள. சர்க்கார் வக்கீல் எந்திரிச்சு, அந்தப் பொண்ணு தானாவே ஊருக்குப் போயிருச்சுன்னாரு. சபீனா என்ன முன்னால நிறுத்துனாங்க. "பயப்படாமச் சொல்லுங்கம்மா"ன்னாங்க ஜட்ஜம்மா.

"பயமெல்லாம் இல்லைங்க"ன்னேன். "பையும் இல்ல, ஆட்டோவும் இல்லைங்க. நம்பர் இல்லாத காரு. வந்தது பூராவும் ஆம்பளைங்க. ஈரத் தலையோட, வெறுங்காலோட கூட்டிட்டுப் போனாங்க. அவ கையிலிருந்த போனைப் புடுங்கிக்கிட்டாங்க. செருப்பு இன்னும் என்ற வாசல்லதான் கெடக்குது. ஊருக்குப் போறவ செருப்பு போடாமயா போவா? இவரு வந்து ஆட்டோன்னு சொல்லச் சொன்னாரு." பின்னால நின்னுக்கிட்டிருந்த இன்ஸ்பெக்டரக் கைய நீட்டிக் காட்டுனேன். "சரின்னு சொன்னேன், காப்பியும் குடுத்தேன். ஆனா நான் அப்படிச் சொல்லப் போறதில்லைங்க. நாளைக்கு அவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்ற தலையில கட்டுவாங்க."

ஜட்ஜம்மா சர்க்கார் வக்கீலத் திரும்பிப் பாத்து, நாளைக்கு அந்தப் பொண்ணு எனக்கு முன்னால நிக்கணும்னாங்க. கொரல ஒசத்தவே இல்ல.

வெளிய வந்தப்பத்தான் ஒரு அதிசயம். தாழ்வாரத்துல போலீசு கூட்டத்துல மோகன் தம்பி நிக்கறான். இன்ஸ்பெக்டரு அவன்கிட்ட என்னமோ கடுசாப் பேசிக்கிட்டிருக்காரு. "மோகனு"ன்னு கூப்பிட்டேன். என்னப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி மொகத்தத் திருப்பிக்கிட்டான். பாவம். என்ற ஊட்டுக்கு வந்து போனான்னு அவனையும் சாட்சிக்கு இழுத்துட்டு வந்திருப்பாங்க. பயந்த சுபாவம் அவனுக்கு.

மறுநா கொண்டாந்து நிறுத்துனாங்க. மூடிக் கெடந்த ஒரு நூல் மில்லோட விருந்தினர் பங்களாவுல வெச்சிருந்திருக்காங்க. அடிக்கல. உக்காரவும் விடல, தூங்கவும் விடல. காலு ரெண்டும் வீங்கி, அவங்கப்பா வாங்கிட்டு வந்த புதுச் செருப்புல நொழையல. அந்தத் தறிக்காரன் பேரச் சொல்லு, பேரச் சொல்லுன்னு நச்சியிருக்காங்க. தெரியாதுன்னே இருந்திருக்கா. வெளிய வந்ததும் மொத வார்த்தையா அமுதவல்லிகிட்ட என்ன கேட்டா தெரியுமா? "வயித்துல குண்டு பட்ட அந்த அண்ணன் எப்படி இருக்காரு சிஸ்டர்? தையல் பிரிச்சாச்சா?"

அடிபட்டவங்களுக்கு வைத்தியம் பாத்ததுக்காக ஒருத்தரையும் தொடக்கூடாதுன்னு கோர்ட்டு சொல்லிருச்சு. இனிமே விசாரிக்கறதா இருந்தா முன்கூட்டியே எழுதிக் குடுத்து, வக்கீல வெச்சுக்கிட்டுத்தான் விசாரிக்கணுமாம். இன்ஸ்பெக்டர வேற ஊருக்கு மாத்திட்டாங்க. பட்டறைக்காரனுக்கு ஒண்ணும் ஆகல, அது வேற. ஜெனிட்டா திரும்ப வேலைக்குச் சேந்தா. காலையில நர்சுங்க கூட்டமா வந்து கூட்டிட்டுப் போவாங்க, சாயங்காலம் கூட்டமாக் கொண்டாந்து விடுவாங்க. ஊரே பாத்துச்சு. எனக்கும் பெருமையாத்தான் இருந்துச்சு.

அப்பறம் ஒரு நா பொட்டியக் கட்டிட்டு வந்து நிக்கறா. ஆசுபத்திரி குவார்ட்டர்ஸுக்குப் போறாளாம்.

"நான் என்ன கொற வெச்சேன்?"னு கேட்டேன். அழுகையே வந்துருச்சு எனக்கு.

"நீங்க வந்து சொல்லலைன்னா நான் வெளிய வந்திருக்க மாட்டேன்மா. சாவுற வரைக்கும் மறக்க மாட்டேன்"னா.

"அப்பறம் ஏன் போற?"

பொட்டியக் கீழ வெச்சா. அப்பறம் சொன்னா: "அவங்களுக்குத் தொவைக்கிற கல்லு தெரிஞ்சிருக்கும்மா. துப்பட்டாவக் கிழிச்சது தெரிஞ்சிருக்கு. பச்சைன்னு நிறம்கூடச் சொன்னாங்க. அன்னைக்கு அங்க இருந்தது நாம மூணு பேருதான்."

"பால்காரன் அர்த்தநாரியாத்தான் இருக்கும்"னேன். அவன் மேல எனக்கு எப்பவுமே ஒரு கண்ணு. பால்ல தண்ணி கலக்கறவன் வேற எதுக்குத்தான் அஞ்சுவான்?

"அவரு விடியக்காலையில வாறவருல்லாம்மா. இது மத்தியானம்."

"அப்ப செவுத்துக்கு அக்கட்டால இருக்கற டீச்சரு."

அவ என்னையே பாத்துக்கிட்டிருந்தா. கோவமெல்லாம் இல்ல. சீக்காளியப் பாக்கற மாதிரி ஒரு பார்வை. அப்பறம் என்ற ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டா. "வெந்நியப் பத்தி மட்டும் அவங்க ஒண்ணுமே கேக்கலம்மா"ன்னா. "நானும் சொல்லல. யாரு ஒத்தாச பண்ணாங்க, கூட யாரு இருந்தான்னு எத்தனையோ தடவ கேட்டாங்க. யாரும் இல்ல, நான் தனியாத்தான்னு சொல்லிட்டேன்."

எத்தன நல்ல மனசு பாரு. என்னக் காட்டிக் குடுக்கல. அப்படிப்பட்டவ எதுக்குப் போகணும்? அதுதான் எனக்குப் புரியல கண்ணு. அன்னைக்கே அர்த்தநாரிய நிறுத்திப் போட்டேன். இப்பப் பாக்கெட் பாலுதான். டீச்சரு ஊட்டுப் பக்கம் செவுத்துக்குத் தகரம் அடிச்சு ஒசத்தியாச்சு. நீ பயப்பட வேண்டியதில்ல. உன்னப் பத்தி எவன் வந்து கேட்டாலும் ஒரு வார்த்த என்ற வாயிலருந்து வராது.

என்ன கேட்ட? மோகனா? அவன் அதுக்கப்பறம் வர்றதில்ல. போன் போட்டா அந்த நம்பரே இல்லைங்குது. அவன என்ன பாடு படுத்துனாங்களோ தெரியல. என்னைக்காவது வருவான். வந்தா நீயும் பாப்ப, தங்கமான புள்ள.

வேலையா? எங்க வேல பாக்கறான்னா கேக்கற?

அதை நான் கேட்டதே இல்ல கண்ணு. நம்ம ஆளுகிட்டப் போயி அதையெல்லாம் கேப்பாங்களா?